வயிற்றுப்போக்கும் கைமருந்தும்: சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது என்ன?



மழை தொடங்கிவிட்டால் மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருபவர்களில் பலர் கைக்குழந்தையுடன்தான் வருகிறார்கள். பெரும்பாலும் வயிற்றுப்போக்கு. சென்ற மழைக்காலத்தில் நம் மஹல்லாவில் ஒரு வீட்டில் நடந்ததை, அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் இங்கே எழுதுகிறோம்.

ஒன்றரை வயதுப் பிள்ளை. காலையிலிருந்து ஏழெட்டு முறை தண்ணீராகப் போனது. வீட்டிலிருந்த நன்னிம்மா மாதுளை ஓட்டைக் கொதிக்கவைத்துக் கஷாயம் கொடுத்தார். கூடவே ஜாதிக்காயையும் இழைத்துக் கொடுத்தார். மாலையில் போக்கு நின்றது. பிள்ளை நன்றாகத் தூங்கியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இரவு பக்கத்து வீட்டு ராத்தா வந்து பார்த்தபோதுதான், பிள்ளை மதியத்திலிருந்து சிறுநீரே கழிக்கவில்லை என்பது தெரிந்தது. கண்கள் குழிவிழுந்திருந்தன. எழுப்பினாலும் விழிக்கவில்லை. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினார்கள். இரண்டு நாள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிய பிறகு, அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்துக்கொண்டது.

ஒரு வாரம் கழித்து அந்த நன்னிம்மாவே அலுவலகத்துக்கு வந்தார். ‘அப்போ நாங்க காலங்காலமாக் கொடுத்துட்டு வந்த மருந்தெல்லாம் பொய்யா?’ என்று கேட்டார். குரலில் கோபமும் இருந்தது, குற்ற உணர்வும் இருந்தது. ‘ஆமாம்’ என்று சொன்னாலும் தவறு, ‘இல்லை’ என்று சொன்னாலும் தவறு. அதனால் அவருடைய கேள்விக்கான பதிலை இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

வயிற்றுப்போக்கில் உடம்புக்குள் நடப்பது

நம் குடல் ஒவ்வொரு நாளும் பல லிட்டர் நீரைச் சுரக்கிறது. அதில் ஏறக்குறைய முழுவதையும் திரும்ப உறிஞ்சியும் கொள்கிறது. சுரப்பது கூடினாலோ உறிஞ்சுவது குறைந்தாலோ மீதி நீர் மலத்தோடு வெளியேறுகிறது. அதுதான் வயிற்றுப்போக்கு.

காலரா கிருமியை எடுத்துக்கொள்வோம். அது குடல் சுவரைக் கிழிப்பதில்லை. ஒரு நச்சுப் பொருளைச் சுரக்கிறது. அந்த நச்சு குடலின் உயிரணுக்களில் ஒட்டிக்கொண்டு, உப்பு வெளியேறும் துவாரங்களைத் திறந்தே வைத்துவிடுகிறது. உப்பு போகும் இடத்துக்கு நீரும் போகும். ரோட்டா வைரஸ் வேறு விதமாகத் தாக்குகிறது. குடலில் நீரை உறிஞ்சும் உயிரணுக்களையே சேதப்படுத்துகிறது. ஷிகெல்லா கிருமி குடல் சுவருக்குள் புகுந்து புண்ணாக்குகிறது. சீதமும் இரத்தமும் வருவது அதனால்தான்.

ஆக, நாம் ‘வயிற்றாலை’ என்று ஒரே பெயரில் சொல்வது ஒரே நோயல்ல. ஒன்றுக்குப் பயன்பட்ட மருந்து இன்னொன்றுக்குப் பயன்படும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கிருமி எதுவானாலும், பிள்ளையைக் கொல்வது பெரும்பாலும் நீரும் உப்பும் வற்றிப்போவதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இன்றும் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் அதிகமான ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள். நம் நன்னிம்மா கொடுத்த மருந்துக்குப் பிறகு போக்கு நின்றது உண்மை. ஆனால் அதற்குள் வெளியேறிவிட்ட நீரை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஜாதிக்காய் தந்த மயக்கத்தைத் தூக்கம் என்று வீட்டார் நினைத்தார்கள். நீர் வற்றிய பிள்ளையின் சோர்வும் அதில் மறைந்துபோனது.

‘கொடுத்தேன், நின்றது’ என்பது ஏன் போதாது?

பெரும்பாலான வயிற்றுப்போக்கு மூன்று முதல் ஏழு நாட்களுக்குள் தானாகவே நின்றுவிடும். முதல் நாள் ஓம வாட்டர், இரண்டாம் நாள் கறிவேப்பிலை அரைத்த மோர், மூன்றாம் நாள் மாதுளை ஓடு என்று கொடுத்துவந்தால், கடைசியாகக் கொடுத்ததற்குத்தான் பெயர் கிடைக்கும். ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தாலும் அன்றுதான் நின்றிருக்குமோ என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, குணமானவர்களின் கதைதான் ஊரில் சுற்றுகிறது. குணமாகாத பிள்ளையின் தாய் அந்தக் கஷாயத்தைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளைக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். யார் எந்தக் குழுவுக்குப் போவது என்பதைக் குலுக்கல் போல, யாருடைய விருப்பமும் கலக்காமல் முடிவு செய்கிறார்கள். ஒரு குழுவுக்கு மூலிகையும், மற்றொரு குழுவுக்கு மூலிகை இல்லாத அதே கவனிப்பும் தரப்படும். முடிந்தால், எது எவருக்குப் போனது என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. இரு குழுவுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் கட்டாயம் உண்டு. சோதனைக்காக ஒரு பிள்ளையைக் கூட வற்றவிட அனுமதி இல்லை.

ஒரு செடியைச் சோதிக்கும் படிகள்

முதல் படி, செடி எது என்று உறுதி செய்வது. இது சாதாரண விஷயமல்ல. நாட்டுமருந்துக் கடையில் ‘மரமஞ்சள்’ என்று கேட்டால் தென்னிந்தியாவில் கிடைப்பது பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு கொடியின் தண்டு. வட இந்தியாவில் அதே வேலைக்குக் கொடுப்பது இமயமலைப் பக்கத்து முள் புதர் ஒன்றின் தண்டும் வேரும். இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள்.

இரண்டாம் படி, ஆய்வுக்கூடச் சோதனை. கிருமியைக் கொல்கிறதா, கிருமி உயிரணுவில் ஒட்டுவதைத் தடுக்கிறதா, நச்சை மடக்குகிறதா என்று கண்ணாடிக் குழாயில் பார்ப்பது.

மூன்றாம் படி, விலங்குகளில் சோதனை. பல ஆய்வுகளில் எலிக்கு விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாகச் செய்து, பிறகு மூலிகைச் சாற்றைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ‘இந்தச் செடி வயிற்றுப்போக்கை நிறுத்துகிறது’ என்று பத்திரிகைகளில் வரும் செய்திகளில் பல இந்த இடத்தோடு நின்றவைதான். விளக்கெண்ணெய் குடித்த எலியும் ரோட்டா வைரஸ் தாக்கிய பிள்ளையும் ஒன்றல்ல என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

நான்காம் படி, மனிதர்களில் சோதனை. முதலில் பாதுகாப்பானதா என்று பார்ப்பார்கள், பிறகு பலன் தருகிறதா என்று பார்ப்பார்கள். நூற்றுக்கணக்கான செடிகள் மூன்றாம் படி வரை வந்திருக்கின்றன. நான்காம் படியைத் தொட்டவை மிகக் குறைவு. அவற்றில் நம் வீடுகளுக்குத் தொடர்புள்ள சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

வாழைக்காய்: டாக்காவின் பாடம்

பங்களாதேஷ் தலைநகர் டாக்காவில் சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஊர் மக்கள் அதைக் ‘காலரா ஆஸ்பத்திரி’ என்றே அழைக்கிறார்கள். அங்கே 14 நாட்களுக்கு மேல் வயிற்றுப்போக்கு நீடித்த, 5 முதல் 12 மாத வயதுள்ள 62 ஆண் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடந்தது. முடிவுகள் 2001-ல் வெளியாயின.

ஒரு குழுவுக்கு அரிசிக் கஞ்சியில் வேகவைத்த வாழைக்காயைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குப் பெக்டின் என்ற பழ நார்ப்பொருள் சேர்த்த கஞ்சி. மூன்றாவது குழுவுக்கு வெறும் அரிசிக் கஞ்சி. நான்காம் நாளில் வாழைக்காய்க் குழுவில் நூற்றுக்கு 82 பேர் குணமாகியிருந்தார்கள். வெறும் கஞ்சிக் குழுவில் நூற்றுக்கு 23 பேர்தான்.

காரணம் என்ன? காயாக இருக்கும் வாழையின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிப்பதில்லை. அது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நல்ல கிருமிகளால் புளிக்கிறது. அப்போது உண்டாகும் சில அமிலங்கள், உப்பையும் நீரையும் உறிஞ்சும்படி பெருங்குடலைத் தூண்டுகின்றன. வாழைக்காய் குடலை முடக்குவதில்லை. உறிஞ்சும் வேலையைக் கூட்டுகிறது.

பிறகு இதையே பங்களாதேஷின் கிராமப்புறத்தில், மருத்துவமனைக்கு வெளியே, சுமார் 3,000 பிள்ளைகளிடம் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். தாய்மார்கள் தங்கள் அடுப்பிலேயே வாழைக்காயை வேகவைத்து மசித்துக் கொடுத்தார்கள். அங்கேயும் வாழைக்காய் சாப்பிட்ட பிள்ளைகள் விரைவில் குணமானார்கள். திட உணவு தொடங்கிவிட்ட பிள்ளைக்கு வாழைக்காய் மசியல் நம்பிக்கையோடு கொடுக்கக்கூடியது. மருந்தாக மட்டுமல்ல, உணவாகவும் அது பிள்ளைக்குச் சேர்கிறது.

வில்வக்காயும் கொய்யா இலையும்: மும்பையின் பாடம்

மும்பையில் உள்ள ‘ஃபவுண்டேஷன் ஃபார் மெடிக்கல் ரிசர்ச்’ என்ற ஆராய்ச்சி நிறுவனம் வயிற்றுப்போக்குக்கு மக்கள் பயன்படுத்தும் செடிகளைப் பல ஆண்டுகளாகச் சோதித்துவருகிறது. பழுக்காத வில்வக்காயின் கஷாயத்தைப் பற்றி 2009-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு யோசிக்க வைப்பது. அந்தக் கஷாயம் கிருமிகளை அவ்வளவாகக் கொல்லவில்லை. ‘கிருமியைக் கொல்லாவிட்டால் அது மருந்தே இல்லை’ என்று அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் வில்வம் தோற்றிருக்கும். அவர்கள் மேலும் பார்த்தார்கள். கிருமிகள் உயிரணுக்களில் ஒட்டுவதையும் உள்ளே புகுவதையும் அந்தக் கஷாயம் குறைத்தது. காலரா நச்சு போய் ஒட்டும் இடத்தில் ஒட்டவிடாமலும் தடுத்தது. கிருமி உயிரோடு இருந்தாலும் அதன் தீங்கு குறைகிறது என்று பொருள். ஆனால் இது கண்ணாடிக் குழாயில் கண்டது. இரண்டாம் படி மட்டுமே.

கொய்யா இலையை அவர்கள் நான்காம் படி வரை கொண்டுசென்றார்கள். திடீர் வயிற்றுப்போக்கு வந்த, ஆபத்தான நிலையில் இல்லாத பெரியவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஓஆர்எஸ் கரைசல் மட்டும். மற்ற இரண்டு குழுக்களுக்கு 6 இலைக் கஷாயம், 10 இலைக் கஷாயம், நாளைக்கு மூன்று வேளை, ஐந்து நாள். 2020-ல் வெளியான முடிவின்படி 10 இலைக் கஷாயம் குடித்தவர்கள் 72 மணி நேரத்தில் சரியானார்கள். ஓஆர்எஸ் மட்டும் குடித்தவர்களுக்கு 120 மணி நேரம் ஆனது. மெக்சிகோ நாட்டிலும் கொய்யா இலைச் சாற்றைக் குளிகையாக்கிப் பெரியவர்களுக்குக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். வயிற்றுவலி நீடித்த நேரம் குறைந்தது.

இங்கே இரண்டு எச்சரிக்கை உண்டு. மும்பைச் சோதனையில் யார் கஷாயம் குடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ‘மருந்து குடித்தோம்’ என்ற எண்ணமே கொஞ்சம் தெம்பு தரும். அந்தப் பங்கை இதில் பிரித்துப் பார்க்க முடியாது. அடுத்தது, சோதித்தது பெரியவர்களிடம். அதை ஒரு வயதுப் பிள்ளைக்கு அளவு குறைத்துக் கொடுக்கலாம் என்று நாமாக முடிவு செய்ய அந்தச் சோதனை இடம் தரவில்லை.

மரமஞ்சள்: பாதி வெற்றி

மரமஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பெர்பெரின் என்ற பொருள். டாக்கா மையத்தில் 165 பெரியவர்களிடம் அதைச் சோதித்து 1987-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வகை ஈகோலை கிருமியால் வயிற்றுப்போக்கு வந்தவர்களில், பெர்பெரின் 400 மில்லிகிராம் ஒரே வேளை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு 24 மணி நேரத்தில் நின்றது. சாப்பிடாதவர்களில் நூற்றுக்கு 20 பேருக்குத்தான் நின்றது. காலரா நோயாளிகளிடம் பலன் சொற்பம். டெட்ராசைக்ளின் என்ற மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தபோது, அந்த மாத்திரை மட்டும் தந்ததைவிடக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

ஒரு நோய்க்கு உதவியது பக்கத்து நோய்க்கு உதவவில்லை. நல்ல சோதனை இப்படித்தான் பேசும். எங்கே உதவும் என்று சொல்வதோடு எங்கே உதவாது என்றும் சொல்லும். பெர்பெரின் பச்சிளங் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கக்கூடும். ஆகவே கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மரமஞ்சள் வேண்டாம்.

தேன்

வயிற்று உபாதையால் துன்பப்பட்ட ஒருவருக்குத் தேன் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததே. அதன் விளக்கத்தைச் சொல்ல உலமாக்கள் இருக்கிறார்கள். நாம் இங்கே சொல்ல வந்தது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மருத்துவர்கள் 169 பிள்ளைகளிடம் நடத்திய சோதனையை. அதன் முடிவு 1985-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது.

உப்பு சர்க்கரைக் கரைசலில் சர்க்கரைக்குப் பதிலாகத் தேனைச் சேர்த்து ஒரு குழுவுக்குக் கொடுத்தார்கள். பாக்டீரியாவால் வந்த வயிற்றுப்போக்கு தேன் குழுவில் சராசரியாக 58 மணி நேரத்திலும், மற்றக் குழுவில் 93 மணி நேரத்திலும் நின்றது. மற்றக் காரணங்களால் வந்த வயிற்றுப்போக்கைத் தேன் குறைக்கவில்லை, நீட்டிக்கவும் இல்லை. கவனிக்க வேண்டியது, தேனைத் தனியாக நாக்கில் தடவவில்லை. நீரோடும் உப்போடும் சேர்த்தே கொடுத்தார்கள்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் சில நேரம் இருக்கும் ஒரு கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சைச் சுரக்கும். பெரியவர்களின் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை. ஆகவே பெரிய பிள்ளைகளுக்கும் நமக்கும் தேன். சிசுவுக்கு இல்லை.

காட்டு மரத்தின் சிவப்புப் பால்

தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளில் ஒரு மரம் இருக்கிறது. பட்டையைக் கீறினால் இரத்தம் போல் சிவந்த பால் வடியும். அங்குள்ள பழங்குடி மக்கள் அதைப் புண்ணுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பயன்படுத்திவந்தார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த குரோஃபெலமர் என்ற மருந்து, தொடக்கத்தில் நாம் சொன்ன உப்புத் துவாரங்களை அடைக்கிறது. குடலின் அசைவை முடக்குவதில்லை. பல ஆண்டுகள் சோதித்தபின், எச்ஐவி நோயாளிகளுக்கு நீண்டநாள் இருக்கும் வயிற்றுப்போக்குக்காக 2012 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை அனுமதித்தது.

அதற்கு அடிப்படையான சோதனையில் பலன் கண்டவர்கள் நூற்றுக்கு 18 பேருக்குச் சற்றுக் குறைவு. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 8 பேர். இவ்வளவு பேசப்பட்ட மூலிகை மருந்தின் பலனே இந்த அளவுதான். ‘ஒரே வேளையில் நூற்றுக்கு நூறு குணம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் படிக்கும்போது இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

சில கைமருந்துகள் போக்கை நிறுத்துவது குடலின் அசைவை முடக்குவதால்தான். நீர் சுரப்பது நிற்காமல் அசைவு மட்டும் நின்றால், நீர் வெளியே வராமல் குடலுக்குள்ளேயே தேங்கும். வீட்டார் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். வயிறு உப்பும், கிருமியும் வெளியேறாது.

கசகசாவை அரைத்துப் பாலில் கொடுப்பது பல வீடுகளில் உண்டு. கசகசா அபின் செடியின் விதை. அதன்மேல் ஒட்டியிருக்கும் அபின் பொருள் பிள்ளையைத் தூங்கவைக்கலாம், மூச்சையும் குறைக்கலாம். ஜாதிக்காய் அளவு மீறினால் நஞ்சு. ‘இரண்டு இழைப்பு’ என்பது எவ்வளவு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. உரை மருந்தில் சேரும் வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்கா 1968-லேயே தடை செய்துவிட்டது. இவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். பெரியவர்களுக்கான பேதி மாத்திரையை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதும் இதே தவறுதான்.

எல்லாவற்றையும்விட நன்றாகத் தேறியது

1971-ல் பங்களாதேஷ் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்காளத்தின் பன்கான் முகாமில் நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 என்று இருந்த இறப்பு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது.

காலரா நச்சு எத்தனை கதவுகளைத் திறந்துவிட்டாலும், உப்பும் சர்க்கரையும் ஒன்றாக உள்ளே நுழையும் கதவு ஒன்று கெடாமல் இருக்கிறது. அந்த இரண்டும் சரியான அளவில் சேர்ந்து வந்தால் நீரையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகும். வெறும் தண்ணீரோ, வெறும் சர்க்கரைத் தண்ணீரோ அந்த வேலையைச் செய்யாது. பின்னர் 1980-களில் பங்களாதேஷில் பிராக் நிறுவனத்தின் பெண்கள் வீடு வீடாகப் போய், ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் கலக்கும் முறையை 1 கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

1. முதல் போக்கு வந்தவுடனே ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுதாகக் கரைக்கவும். பாதிப் பொட்டலம், கண் அளவு நீர் என்பது வேண்டாம். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடவும்.

2. பொட்டலம் இல்லாவிட்டால்: ஒரு லிட்டர் சுத்தமான நீர், தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது.

3. ஒவ்வொரு போக்குக்குப் பின்னும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, ஸ்பூனால் சிறிது சிறிதாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி.

4. மருத்துவரிடமோ அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துத்தநாக மாத்திரை கேட்டு வாங்கவும். ஆறு மாதத்துக்கு மேல் நாளைக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். போக்கு நின்றாலும் முழுவதும் கொடுக்கவும்.

5. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். உணவையும் நிறுத்த வேண்டாம். கஞ்சி, வாழைக்காய் மசியல், தயிர் சோறு கொடுக்கலாம்.

6. கடையில் ஓஆர்எஸ் போலவே விற்கும் இனிப்புப் பானங்களுக்கு ஏமாற வேண்டாம். உலக சுகாதார நிறுவன முறைப்படி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கவும்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்: மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புகிறது, எழுப்பினால் விழிக்கவில்லை. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசு என்றால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம்.

நன்னிம்மாவுக்கு எங்கள் பதில்

பொய்யில்லை நன்னிம்மா. உங்கள் தலைமுறை கண்டு வைத்ததில் வாழைக்காய் சோதனையில் நன்றாகவே தேறியிருக்கிறது. கொய்யா இலை பெரியவர்களிடம் நம்பிக்கை தருகிறது. வில்வக்காய் பாதி வழி வந்திருக்கிறது. கசகசாவும் ஜாதிக்காயும் பிள்ளைகளுக்கு ஆகாது. எது எந்த வரிசையில் நிற்கிறது என்பது சோதித்துப் பார்க்காமல் உங்களுக்கும் தெரிந்திருக்க முடியாது, எங்களுக்கும் தெரிந்திருக்க முடியாது. அன்று பிள்ளைக்கு நீங்கள் கொடுத்ததைவிடக் கொடுக்காமல் விட்டதுதான் பெரிய குறை. கரைசல் கொடுக்க வேண்டும் என்பதை உங்களுக்கு முன்னமே சொல்லித் தராதது எங்கள் குறை.

இதைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘அந்தப் பொட்டலத்தில பத்து கொடுங்க. எங்க தெருவுக்குச் சேர்த்து’ என்று வாங்கிப்போனார். இந்த மழைக்காலத்திலும் அலுவலகத்தில் ஓஆர்எஸ் பொட்டலங்கள் இலவசமாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது இரண்டு பொட்டலம் இருக்கட்டும்.

வீட்டில் பேசிக்கொள்ள

- கடைசியாக நம் வீட்டில் வயிற்றுப்போக்கு வந்தபோது முதலில் என்ன கொடுத்தோம்? கரைசல் எப்போது கொடுத்தோம்?
- நம் வீட்டுக் கைமருந்துகளில் எது பிள்ளையைத் தூங்கவைக்கிறது? இனி அதை என்ன செய்யப்போகிறோம்?
- ‘போக்கு நின்றுவிட்டது’ என்பதற்கும் ‘பிள்ளை தேறிவிட்டது’ என்பதற்கும் என்ன வித்தியாசம்? எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்?
- கரைசல் கலக்கத் தெரியாதவர் நம் வீட்டில் யார்? இன்றே ஒருமுறை அவர் கையால் கலக்கவைத்துப் பாருங்கள்.